பதினேழாம் நம்பர்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பன்னிரண்டு வருசம் கொழுந்து பறிப்பவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட லூசியாவின் வேலை, இணையத்தில் வந்த ஒரே ஒரு பதிவால் போனது. 'குழந்தைகளுக்குத் தூக்க மருந்து குடுக்கிறவள்' என்று எவனோ அவள் படத்தோடு போட்டிருந்தான்.

டாக்டர் குழந்தைகளைச் சோதித்து, அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதியே கொடுத்தார். தோட்டத்தை நடத்தும் தொரை அசையவில்லை.

"ஆறாயிரம் பேர் பாத்திருக்காங்க. நெருப்பில்லாமப் புகையுமா? நீங்க வர வேணாம்."

பல்லேபொல போகும் பஸ்ஸில்கூட லூசியாவின் பக்கத்து சீட் காலியாகவே போனது.

அடுத்த லயத்து வரிசை வீட்டு ஜெனிஸ்டா பல்கலைக்கழக மாணவி. ஒருவரோடாவது வாதாடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பதிவுக்குக் கீழே வந்தவன் போனவனோடெல்லாம் மல்லுக்கட்டிப் பார்த்தாள். கடைசியில் தன் விரிவுரையாளர் நிரஞ்சலாவைப் பிடித்து, பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே அந்த இணையத்தளத்தை நடத்தும் கம்பனிக்கு எழுதினாள். ஆறாயிரம் பேரிடம் இது எப்படிப் போனது? ஆய்வு செய்யத் தரவைக் கொடுங்கள்.

நான்கு தடவை, 'பயனர்களின் அந்தரங்கம்' என்று கையை விரித்தார்கள்.

"அந்தரங்கமாம்! லூசியா அக்காவோட மூஞ்சியப் போட்டப்ப அது எங்க போச்சு?"

ஒன்பதாம் மாதம் தரவு வந்தது. பெயர்கள் இல்லை, ஆளுக்கொரு எண் மட்டும். யாரையும் தேடிப் பிடிக்க மாட்டோம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

"பேர் இல்லாம இத வச்சு என்ன செய்றது மெடம்?" என்று கத்தினாள் ஜெனிஸ்டா. இரண்டு நாள் அந்தத் தரவோடு உட்கார்ந்தாள். அப்புறம் ஏனோ கத்தவில்லை.

தரவைக் காட்டிக் கேட்டதில், தோட்டத்து ஒஃபீசில் மறுபடி விசாரணை வைத்தார்கள். ஜெனிஸ்டாதான் பேசினாள்.

"சேர், முதல் ரெண்டு நாள்ல இத பாத்தது நாப்பத்தி மூணு பேர்தான். அதோட செத்திருக்க வேண்டிய பதிவு. மூணாம் நாள் பதினேழாம் நம்பர் ஆள் வந்து நூத்திப் பதினெட்டு கொமெண்ட் போட்டிருக்காங்க. சண்டை சூடு புடிக்கப் புடிக்க கம்பனியோட மெஷின் அத இன்னும் பல பேருக்குக் காட்டும். ஆறாயிரம் அப்படிச் சேர்ந்தது. நம்பி ஷேர் பண்ணவங்க அம்பது பேர்கூட இல்ல. மத்ததெல்லாம் வேடிக்கை பாத்த கூட்டம்."

"யாரு அந்தப் பதினேழு?"

"பேர் குடுக்கல சேர். தேடவும் கூடாது."

தொரை ஃபைலை மூடினார். "ஊர் பேர் இல்லாத ஒரு நம்பர நம்பி இவங்கள நான் திரும்ப எடுக்கணுமா? நீங்களே எழுதிட்டு வந்ததா இருந்தா?"

லூசியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மாதாவே, எந்தப் பாவி என்மேல இப்படி வஞ்சம் வச்சது?"

ஜெனிஸ்டா தன் ஃபோனைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

"மத்தவங்க பேரத்தான் சொல்லக் கூடாது சேர். ஒவ்வொரு கொமெண்டும் போட்ட நேரத்த இதோட ஒத்துப் பாருங்க. அக்காவுக்காகச் சண்டை போட்ட பதினேழு நான்தான்."