நர்சிம்லுவின் பேட்டி

பாலாநகர் முனையில் கூலிக்கு நிற்கும் எங்களை இப்போதெல்லாம் மேஸ்திரி வந்து பொறுக்குவதில்லை. கிடங்குக்காரர்களின் கம்ப்யூட்டரே போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். நன்றாகப் பேசினால்தான் வேலை. எனக்குப் பேச்சு வராது. என் பெயரைச் சொல்லிக்கொண்டு, கூட வேலைக்கு நிற்கும் யாதகிரிதான் எனக்காகப் பேசுவான். போன மாதம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு இரண்டு கிடங்குகள் என்னைத் தள்ளிவிட்டன. வீட்டில் சோள மாவும் தீர்ந்துவிட்டது.

நேற்று இன்னொரு கிடங்கிலிருந்து போன் வந்தது. காதில் வைத்தேன், நாக்கு எழவில்லை. நான் வாய் திறக்காமலே, "நல்லாப் பேசினீங்க, காலையில வாங்க" என்று சொல்லி அது வைத்துவிட்டது.

இன்று கிடங்கு வாசலில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். சூப்பர்வைசர் சிரித்தார். "என்னப்பா, நேத்து அந்தப் பேச்சு பேசின, இப்ப ஊமையா நிக்கற?" என்று நேற்றைய போன் பேச்சின் பதிவைப் போட்டார்.

"நான் நர்சிம்லு சார்," என்றது பதிவில் யாதகிரியின் குரல். "மூட்டை தூக்கச் சொல்லுங்க, தூக்கறேன். பேசத்தான் சோம்பல்."

"குரல் வேற மாதிரி இருக்கே?"

"சளி சார்," என்றேன்.

ஓடிக்கொண்டிருந்த பதிவில் யாதகிரி இரண்டு முறை இருமினான். சூப்பர்வைசர் தலையாட்டிவிட்டு வேலை அட்டையை நீட்டினார்.