பிரபு பேசும் தமிழ்

"இந்தம்மாவுக்குத் தமிழே தெரியாது சார்!"

பேராசிரியர் நாடகப் பிரதியை மேஜையில் ஓங்கிப் போட்டார். ஒத்திகைக் கூடமே திரும்பிப் பார்த்தது.

இயக்குநருக்குத் தலை கிறுகிறுத்தது. அரங்கேற்றத்துக்குப் பன்னிரண்டே நாள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு மேதை எழுதிய நாடகம், முதல்முறையாகத் தமிழ் பேசப் போகிறது. இந்த நேரத்தில் ஆலோசகரான பேராசிரியரே இப்படிக் குண்டு போட்டால்?

"என்ன தப்பு, சொல்லுங்க?"

"கதாநாயகன் யாரு? ஒரு பிரபு! ஊரையும் சொத்தையும் தம்பிகிட்ட இழந்துட்டு மழையில நிக்கிறான். மூலத்துல 'மழையே'ன்னு கூப்பிடறான். இங்கே பாருங்க, 'வானமே, பொத்துக்கிட்டுக் கொட்டு'! 'வாழ்க்கை' வர்ற இடமெல்லாம் 'பிறவி'. ஆனா அவனோட வேலைக்காரி மட்டும் மழை, வாழ்க்கைன்னு வெளுத்து வாங்கறா. எஜமானுக்கு இல்லாத தமிழ் வேலைக்காரிக்கா?"

இயக்குநர் புரட்டினார். உண்மைதான்.

மொழிபெயர்ப்பாளர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பகலில் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதை மொழிபெயர்க்கிறவர். குழுவில் எல்லாருக்கும் 'டிக்‌ஷனரி அக்கா'. ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது கொடுப்பார்.

"ஏம்மா இப்படி?"

"பிரபு இப்படித்தான் பேசுவார் சார்."

"இதென்ன பதில்? மாத்திக் குடுங்க."

"மாட்டேன் சார்."

நறுக்கென்று வந்தது பதில். இயக்குநருக்குச் சுருக்கென்றது. அந்தக் கூடத்தில் அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். இருபது வருஷமாக அதுதான் வழக்கம்.

"அப்போ அடுத்த நாடகம் உங்களுக்கு இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க."

அக்காவின் முகம் வாடிவிட்டது. அந்த நாடகத்துக்காக அவர் ஒரு வருஷமாகக் காத்திருப்பது எல்லாருக்கும் தெரியும்.

"வேற யாருக்காவது குடுங்க சார். இதுல மட்டும் கை வைக்காதீங்க."

"திமிரைப் பார்த்தீங்களா!" என்றார் பேராசிரியர்.

இயக்குநர் சிவப்புப் பேனாவை எடுத்தார். பிரபுவின் கடைசி வசனத்தை, மூலத்தில் உள்ளபடியே தானே எழுதினார். பிரபுவாக நடிப்பவரைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்.

அவர் எலக்ட்ரீஷியன். பத்து வருஷமாக வசனமே இல்லாமல், ஈட்டி பிடித்த காவலாளியாக மேடையில் நின்றவர். எட்டு மாதத்துக்கு முன், அந்த நிற்கிற தோரணையைப் பார்த்துத்தான் இயக்குநர் பிரபு வேஷத்தைக் கொடுத்தார். ஒத்திகையில் மனுஷர் பின்னி எடுத்துக்கொண்டிருந்தார்.

எலக்ட்ரீஷியன் தாளைப் பார்த்தார். வேர்த்தது.

"சார்... முதல்ல இருந்ததே இருக்கட்டுமே. நல்லா மனசுல பதிஞ்சிடுச்சு."

"படிங்கய்யா!"

அவர் டிக்‌ஷனரி அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"கொட்டு, மலையே, கொட்டு! என் வால்க்கை அலகானது!"

வேலைக்காரியாக நடிக்கும் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேராசிரியர் துள்ளினார். "தலையில மலையைக் கொட்டச் சொல்றாரே! உச்சரிப்பு பிசகினா அன்னிக்கே ஆளை மாத்தறவராச்சே நீங்க? மாத்துங்க சார்!"

இயக்குநர் போட்ட சட்டம்தான் அது. எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். பிரபுவின் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

இரண்டு மாத ஒத்திகையில் இது எப்படித் தன் காதில் படாமல் போச்சு? இயக்குநர் பிரதியை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து வரிவரியாக விரலை ஓட்டினார். போகப் போக அவர் முகம் மாறியது.

"இதை எழுத எவ்வளவு நாளாச்சும்மா?"

"அஞ்சு மாசம் சார். ரெண்டு மாசத்துல முடிஞ்சிருக்கும்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

இயக்குநர் சிவப்பு மைத் தாளைக் கிழித்துப் போட்டார்.

"தொப்பியைப் போடுங்க பிரபு. அக்கா எழுதினதைச் சொல்லுங்க."

"வானமே, பொத்துக்கிட்டுக் கொட்டு! பறிகொடுக்க இனி என்கிட்ட என்ன இருக்கு? போதும் இந்தப் பிறவி. நல்லாத்தான் இருந்துட்டேன்!"

கணீரென்று ஒலித்தது கூடம். சிரித்த பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது.

"அடுத்த நாடகமும் உங்களுக்குத்தாம்மா," என்றார் இயக்குநர்.

பேராசிரியர் விடுவதாயில்லை. "அப்போ ஆளை மாத்தப் போறதில்லையா?"

"ஏன் மாத்தாம?" இயக்குநர் பிரதியை அவர் கையில் திணித்தார். "பிரபு பேசற இருநூத்திப் பத்து வசனத்துல ஒரே ஒரு 'ழ' கண்டுபிடிச்சுக் குடுங்க. இப்பவே மாத்திடறேன்!"