கல் உப்பு கரையும் வரை

கைநிறைய உப்போடு தாரிகாவின் அம்மா பக்கத்துக் கட்டிலருகே நின்றாள்.

கேண்டீனில் தூள் உப்புதான் இருந்தது. வளர்மதி ரோட்டைத் தாண்டிப் போய்க் கல் உப்பு வாங்கி வந்திருந்தாள். மிளகாய் எரிக்கவெல்லாம் கூடாது, வார்டில் புகை ஆகாது என்று நர்ஸ் முன்பே சொல்லிவிட்டாள்.

கட்டிலில் வளர்மதியின் மகன் நிதர்சன். மூன்று வயது. மூக்கில் குழாய். நாளைக் காலை அவனுக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன்.

மத்தியானத்திலிருந்து காய்ச்சல்.

இறங்காவிட்டால் நாளைக்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த கட்டிலில் இவள் மகள் தாரிகா. அதே நோய். அதே ஆபரேஷன். தேதிதான் இல்லை.

பணம் சேரவில்லை.

இணையத்தில் நன்கொடை திரட்டித் தரும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில்தான் படமெடுத்தாள். படம் என்றதும் இவள் சும்மா இருப்பாளா? பிறந்தநாள் கவுனை மாட்டினாள். பவுடர், மை. யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு.

சிரிடி கண்ணு என்றாள்.

தாரிகா சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கண் இடுங்கிவிடும். கண்ணிலிருந்த மஞ்சள் படத்தில் தெரியவே இல்லை. வீங்கிய வயிற்றைக் கவுன் மறைத்துக்கொண்டது.

நிதர்சன் வீறிட்டு அழுதான். குழாயும் கண்ணீருமாக அப்படியே எடுத்தார்கள்.

அவனுக்கு மளமளவென்று நிறைந்துவிட்டது. துபாயிலிருந்தெல்லாம் போட்டார்கள்.

தாரிகாவுக்கும் வந்தது. சிவப்பு சிவப்பாக இதயங்கள். செல்லக்குட்டி, அழகி என்று எழுதியிருந்தார்கள்.

அழுகிற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற தாய் உலகத்தில் உண்டா? இவள் பட்டாள். அவன் குழாயைப் பார்த்து, அவன் கண்ணீரைப் பார்த்து, வயிறு எரிந்தாள். தேதி கிடைத்த சந்தோஷத்தில் வளர்மதி தந்த சாக்லேட்டைப் பிள்ளையின் கண்ணில் காட்டாமல் குப்பைக்கூடையில் போட்டாள்.

படமெடுத்த பெண் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தாள். ஒரு பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்காமலே போய்விட்டால், பெற்றவர்கள் சம்மதத்தோடு அந்தப் பணத்தை இன்னொரு பிள்ளைக்கு மாற்றிவிடுவார்களாம்.

காய்ச்சல் என்று கேட்டதும் இவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

ஐயோ என்பது அப்புறம்தான் வந்தது.

"என் கண்ணுதான்க்கா பட்டிருக்கும்," என்றாள் வளர்மதி. "காசு சேந்ததுலேருந்து அவனையே பாத்துப் பாத்துப் பூரிச்சுக் கெடந்தேன். தாய்க் கண்ணு பொல்லாதுன்னு சொல்வாங்கள்ல. நான் சுத்தக் கூடாது. உங்க கையால சுத்திப் போடுங்க. இங்க உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மகனைத் தூக்கி மடியில் வைத்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள்.

இவள் உப்பை அவர்கள் தலையைச் சுற்றிக் கொண்டுபோனாள்.

ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு. நாய்க் கண்ணு, நரிக் கண்ணு.

சின்ன வயதிலிருந்து கேட்டது. யோசிக்காமல் வாயில் வரும்.

அக்கம்பக்கத்துக் கண்ணு.

அங்கே நின்றுவிட்டது.

வளர்மதி நிமிர்ந்து பார்த்தாள். மறந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பாவம், இவளுக்காகக் காத்திருந்தாள்.

இவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. அக்கம்பக்கத்துக் கண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

நிதர்சன் உப்பில் துப்பினான். மூன்று தடவை. இவள் விரலெல்லாம் எச்சில். அது கூடச் சுட்டது.

"மிச்ச உப்பு இருக்கே. தாரிகாவுக்கு நான் சுத்தட்டுமாக்கா?"

"அவ மேல யாரு கண்ணு வெக்கப்போறா?"

வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் போனாள்.

மக்கில் தண்ணீர் பிடித்து உப்பைப் போட்டாள். அது கரைந்தால்தான் திருஷ்டி கழிந்ததாகக் கணக்கு. தூள் உப்பாக இருந்தால் இந்நேரம் கரைந்திருக்கும்.

இடுப்பில் செருகியிருந்த செல்போன் மணியடித்தது.

தாரிகாவுக்கு யாராவது பணம் போட்டால் வரும் சத்தம். அதைக் கேட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எடுத்துப் பார்ப்பாள்.

மறுபடியும் அடித்தது.

மக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

அடியில் இன்னும் இரண்டு கல் கிடந்தன. விரலால் கலக்கிக்கொண்டே நின்றாள்.