மூவர் சொல்

பவளக்கொடியின் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அறியாத பொருள் எதுவாயினும், கைப்பேசியில் தேடி, மூவர் ஒத்துச் சொன்ன பின்னரே அதனை வாயில் வைப்பர். சித்த மருத்துவர் ஒருவர், வேளாண் கல்லூரி ஒன்று, ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவர் எனப் பட்டியல் நீளும். அன்று அவள் கணவர் சொர்ணலிங்கம், வேலியோரம் தோண்டிய கிழங்கைப் படம்பிடித்துக் கேட்டபோது பட்டியல் வரவில்லை. "இது வள்ளிக்கிழங்கு, அவித்து உண்ணலாம்" என ஒரே விடை வந்தது. சொன்னவர் பெயர் அதில் இல்லை. அவள் அவித்து வைத்தாள். ஆனால் மனம் ஒப்பவில்லை.

"மத்த ரெண்டு பேரு எங்கங்க?"

"முந்நூறு பேரு சொன்னத அதுவே படிச்சு ஒண்ணாச் சொல்லுது. ஒனக்கு இன்னும் சாட்சி வேணுமாக்கும்" என்று சிரித்தவாறே அவர் இரண்டு துண்டுகளைத் தின்றார்.

அவள் தன் பங்கைத் தொடாமல், கைப்பேசியிடம் அதே படத்தைக் காட்டி மறுபடியும் கேட்டாள். "இது கண்வலிக்கிழங்கு; கொடிய நஞ்சு" என்றது. முந்தைய விடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே எழுத்து, அதே நிதானம்.

அவியாத கிழங்கொன்றை முந்தானையில் முடிந்துகொண்டு, கணவரை ஆட்டோவில் ஏற்றினாள். "தொண்டை லேசா எரியுது, அவ்வளவுதான்" என்றார் அவர். அதன்பின் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது.

மருத்துவமனையில், மருத்துவர் கிழங்கை வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன கிழங்கும்மா?"

பவளக்கொடி வாய் திறக்குமுன், அவர் அதனை மேசைமேல் வைத்து, தம் கைப்பேசியை எடுத்துப் படம்பிடித்தார்.