தத்ரூபம்

வீட்டு வன்முறைக்கு எதிராகத் தெரு நாடகம் போட நிதி கேட்டிருந்த குழுவின் ஒத்திகையைப் பார்க்க, மாணவர் நிதிக்குழுத் தலைவி தோழர்களோடு கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

உள்ளே, இயக்குநர் தன் மனைவியின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்துத் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தார்.

“எதிர்த்துப் பேசுவியா?”

பளாரென்று விட்ட அறையில் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அடிவயிற்றில் விழுந்த உதையில் அவள் சுருண்டாள்.

“யாராவது புடிங்களேன்… கொன்னுடுவாரு,” என்று தலைவியைப் பார்த்துக் கெஞ்சினாள்.

தலைவிக்குப் புல்லரித்தது. அவள் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். திடுக்கிட்டுத் திரும்பிய இயக்குநர், மெல்லக் கும்பிட்டார்.

“இதுதான் சார் நடிப்பு. நிதி உங்களுக்குத்தான்,” என்று அங்கேயே கையெழுத்துப் போட்டாள் தலைவி.

அப்போது ஒப்பனைக்காரி பெட்டியோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“பஸ் லேட்டு. இன்னும் ஆரம்பிக்கலையே? ரத்தத்துக்குப் பூசுற சாயம் என்கிட்டதான் இருக்கு.”