மாப்பிள்ளை வீட்டுக்காரன்

“தொரையையும் காணோம், பூரணியையும் காணோம். ரெண்டு பேரும் சேந்துதான் ஓடியிருக்காங்க!”

விடிந்தும் விடியாததுமாக என் மனைவி விஜயகலா போட்ட சத்தத்தில் லயத்தில் வரிசையாக இருந்த அத்தனை வீடும் எழுந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் நல்லையா அண்ணன் தலையில் கைவைத்தபடி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார்.

“எங்க பூரணி சின்னப் புள்ளடா சுதா. வயித்துல ஒண்ணு வந்துட்டா நாங்க என்னடா செய்வோம்?”

துரை என்றதும் பங்களாவில் இருந்து தோட்டத்தை நடத்தும் பெரிய துரையை நினைத்துவிடாதீர்கள். அவர் பாவம், காய்ச்சலில் படுத்திருந்தார். இது என் முயல். பூரணி அண்ணனுடைய முயல்.

றக்வான சந்தையில் ஒரே கூடையிலிருந்து ஆளுக்கொன்று வாங்கினோம். பொறுக்கியவன் நான்தான். மீசை பெரிதாக இருந்ததை, “இதுதான் ஆம்புள” என்று எனக்கு எடுத்துக்கொண்டேன். நான் சொன்னதற்கெல்லாம் வியாபாரியும் “ஹரி மாத்தயா, ஹரி” என்று சிங்களத்தில் சரி போட்டுத் தலையாட்டினார். என்னை அது முறைத்துப் பார்த்த தோரணைக்காகத்தான் துரை என்று பெயர் வைத்தேன்.

இரண்டு கூண்டையும் அடித்தவன் நான். இரண்டுக்கும் கொக்கி வைத்தவனும் நான். ஆகவே இரண்டும் திறந்துகொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நாள் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினோம். பொழுது சாய்கிற நேரத்தில் வத்தாளங்கிழங்குப் பாத்தியில் அகப்பட்டார்கள். ஒட்டி உட்கார்ந்து ஒரே கொடியை ஆளுக்கொரு பக்கமாகத் தின்றுகொண்டிருந்தார்கள்.

நல்லையா அண்ணன் நேராகத் தோட்டத்துத் தலைவர் இருளப்பனைக் கூட்டி வந்துவிட்டார்.

“இருக்கிறது ஒரு காம்பரா. அதுல நாங்க அஞ்சு பேரு. குட்டி போட்டா பாதிய இவன் எடுத்துக்கணும் தலைவரே. இவன் பய பண்ணுன வேலதானே?”

நியாயமான பேச்சுதான். சரியென்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு இரண்டு பெண்கள். இரண்டு கல்யாணத்திலும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் சொன்ன மொக்கைப் பகிடிக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவன் நான். ஒரு தடவையாவது அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று மனசு கிடந்து அரித்தது. ஆண்டவன் அதற்கு ஒரு முயலை அனுப்பியிருக்கிறான், விடுவேனா?

கால்மேல் கால் போட்டேன்.

“சம்பந்தி, பொண்ண அடக்கி வச்சிருக்க வேண்டியது நீங்க. ஆம்புளப் புள்ளன்னா நாலு எடம் போய்த்தான் வரும்.”

“ரெண்டு பொண்ணப் பெத்த வாயா இது?” என்று விஜயகலா என் தொடையில் கிள்ளினாள். வலித்தது. இருந்தாலும் காலை இறக்கவில்லை.

“குட்டி எந்த வீட்டுல பொறக்குதோ, அந்த வீட்டுலதான் வளரணும். ஒரு குட்டி கூட சுவரத் தாண்டப்படாது. தலைவரே, நீங்கதான் சாட்சி.”

தலைவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து நல்லையா அண்ணன் என்னோடு பேசவில்லை. ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரன் முதலில் போய்ப் பேசுவதா?

அவருடைய மனைவி கலைச்செல்வி பூரணிக்குக் கேரட்டாக வாங்கி ஊட்டினாள். பூரணியும் நாளுக்கு நாள் ஊதியது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கள்ளச் சந்தோஷம்.

எங்கள் துரையும் பெருத்துத்தான் போனார். கவலை வந்தால் சிலர் தின்றே பெருப்பார்கள், நானும் அந்த ரகம்தான். ஒருநாள் காலையில் விஜயகலா கூப்பிட்டாள்.

“என்னங்க, தொரை நெஞ்சு முடியெல்லாம் பிச்சுப் பிச்சு மூலையில போடுது. வாயில வைக்கோலையும் கவ்விக்கிட்டுத் திரியுது.”

“பூரணியப் பிரிஞ்ச ஏக்கம்டி. ஆம்புள மனசு ஒனக்கு எங்க வெளங்கப் போகுது?” என்றேன். துரையின் சோகத்தை ஊரார் பார்க்க வேண்டாமென்று கூண்டின்மேல் ஒரு சாக்கையும் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

பின்னேரம் பெக்டரியிலிருந்து திரும்பினால், எங்கள் இரண்டு காம்பராவுக்கும் முன்னால் ஒரே கூட்டம். நடுவில் தலைவர் நின்றார்.

“ஆறு குட்டி, சுதாகரன்” என்றார். “அன்னைக்குப் பேசுன பேச்சுல மாத்தம் ஏதும் இருக்கா? இப்பவே சொல்லிரு.”

விஜயகலா கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள். இளகிய மனசுக்காரி, அண்ணனுக்காகப் பரிந்து வருகிறாள் என்று நினைத்தேன்.

“பேச்சு மாறுறவன் நான் இல்ல தலைவரே. பொறந்த வீடுதான் பொறுப்பு.” அத்தோடு விட்டேனா? அண்ணன் பக்கம் திரும்பி, “பொண்ணு வீட்டுக்காரங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும், சம்பந்தி” என்றேன்.

ஒரு மாதமாக என் முகத்தையே பார்க்காத மனுஷன், சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் கை போட்டார். என் இஸ்தோப்புக்கே என்னை நடத்திக்கொண்டு போய், கூண்டின்மேல் கிடந்த சாக்கை மெல்ல விலக்கினார்.

“தொரைக்கு சுகப்பிரசவம், சம்பந்தி!”