மயங்கியவர் காலை ஆட்டக் கூடாது

லாரி டிரைவர் முதுகில் காற்று சிலிண்டரோடு கண்ணை மூடிக்கொண்டு மயங்கிக் கிடந்தார். பல் டாக்டர் அவர் மோவாயைப் பிடித்து, நீச்சல்குளத்தின் மறுகரைக்கு இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டாள்.

கரையில் கைதட்டல். கடலில் முக்குளிக்கும்போது மயங்குபவர்களை மீட்கும் பயிற்சி தொடங்கியதிலிருந்து அவள் பாதிக் குளத்தைத் தாண்டியதே இல்லை. எப்படித் தாண்டுவாள்? அவள் ஒரு குச்சி. இவரோ லாரியில் ஏறினால் லாரிக்குத்தான் வருத்தம்.

பயிற்சியாளர் தேறிவிட்டதாகச் சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"இவர் காலை ஆட்டினார் சார்."

டிரைவர் அசடு வழிந்தார். தண்ணீருக்கடியில் லேசாக இரண்டு உதை கொடுத்தது உண்மைதான். பெண்ணைப் பெற்றவர். காதருகே ஒரு பிள்ளை அப்படி மூச்சு வாங்கும்போது எப்படிச் சும்மா மயங்கிக் கிடப்பது?

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். யாரை இழுத்தாலும் தேர்ச்சிதான், தையல்காரரை இழுத்துவிட்டுப் போகலாமே என்றார். தையல்காரருக்கு ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அவரும் ஆசையாக முன்னால் வந்து நின்றார்.

அவள் மாட்டேன் என்றுவிட்டாள். வகுப்பிலேயே பெரிய உடம்பு எதுவோ அதுதான் வேண்டுமாம். என்ன வீம்பு இது என்று டிரைவருக்கே எரிச்சலாக இருந்தது.

மறுபடி மயங்கினார்.

பாதித் தூரத்தில் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். விசும்பல் கேட்டது, மோவாயைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. டிரைவரின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையாகக் கிடந்தார். பாரம் ஏற்றிய லாரியை மலையில் ஓட்டுவதுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

கடைசியில் அவர் தலை மறுகரைச் சுவரில் நங்கென்று இடித்தது. வலித்தாலும் சந்தோஷமாக இருந்தது.

மாலையில் அவளை அழைத்துப்போக வீட்டுக்காரர் வந்திருந்தார். ஆள் இறங்கியதும் கார் ஒரு சாண் உயர்ந்தது. அவர் முன்பே இந்தப் பயிற்சியில் தேறியவராம். அடுத்த வாரம் முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து கடலில் இறங்கப்போவதாக அவள் சொன்னாள்.

டிரைவர் அந்த ஆளை அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அது பழக்கமில்லை.

பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்ப் பயிற்சியாளரைப் பிடித்தார்.

"தேறினது பத்தாது சார். நாளைக்கும் அந்தப் பொண்ணுக்கு நானே மயங்குறேன். முதுகுல இன்னொரு சிலிண்டர் கட்டிக்கிறேன்."